9 லட்சம் கட்டினா டைரக்டர் ஆயிடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

சினிமா படிப்பைப் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு போன இதழ்ல ஒரே ஒரு வரிதான் போட்டோம், வந்து குவிஞ்சதைப் பாத்தா வீட்டுக்கு ஒருத்தர் கதை ரெடி பண்ணி வச்சிருக்காங்க போல. எல்லாத்துக்கும் ஒரே இதழ்ல பதில் சொல்ல முடியாது, அதனால இந்த வாட்டி நம்ம சேலம், ஏற்காடு, ஓமலூர் பக்கத்துக் கடிதம் மட்டும் எடுத்துக்கறேன். சொந்த ஊர்ப் பாசம்னே வச்சுக்கங்க. வீட்டுக்குத் தெரிஞ்சா வம்புன்னு பாதிப் பேரு எழுதியிருந்ததால யாரு பேரும் போடல.

கேள்வி: வணக்கம்ணா. எனக்கு 22 வயசு, பி.எஸ்சி முடிச்சிருக்கேன். டைரக்‌ஷன்தான் ஆசை. சென்னைல ஒரு பிரைவேட் இன்ஸ்டிடியூட்ல ரெண்டு வருஷ டைரக்‌ஷன் கோர்ஸுக்கு 9 லட்சம் கேக்கறாங்க. அப்பா தறி ஓட்டறாரு, கொண்டலாம்பட்டி பக்கம் எங்களுக்கு ஒரு சைட் இருக்கு, அதை வித்துக் கட்டிடறேங்கறாரு. அம்மா ஒத்துக்கல. கோர்ஸ் எல்லாம் வேஸ்ட்டு, நேரா அசிஸ்டென்ட்டா சேந்துருன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, சேரலாம்னா அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. என்ன பண்ணட்டும்ணா? — அம்மாபேட்டை வாசகர்

பதில்: தம்பி, சைட்டை விக்க வேண்டாம்னு இன்னைக்கே அப்பாகிட்ட சொல்லிடு. மீதியைப் பொறுமையா பேசுவோம்.

9 லட்சம்ங்கறது அவங்க நோட்டீஸ்ல போட்டிருக்கற கணக்கு. சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் மூணு பேரு சேந்து ஒரு ரூம் எடுத்து, மெஸ்ல சாப்பிட்டு, பஸ்ல போய் வந்தாக்கூட மாசம் 12,000 இல்லாம ஓடாது, ரெண்டு வருஷத்துக்கு அதுவே 3 லட்சத்தைத் தொட்டுரும். கடைசில டிப்ளமோ பிலிம்னு ஒண்ணு எடுக்கணும், அதுக்கு லொகேஷன் வாடகை, யூனிட் சாப்பாடு, நடிக்க வர்றவங்களுக்குப் பேட்டான்னு உன் பாக்கெட்லருந்துதான் போகும், நிறைய இடத்துல அதெல்லாம் பீஸ்ல சேராது. ஆக 12 லட்சம் ஆயிருச்சு. சரி, அதுவும் போகட்டும், கோர்ஸ் முடிஞ்ச மறுநாள் காலைல நீ எங்க போவேன்னு யாராவது உனக்குச் சொன்னாங்களா?

கேமரா, எடிட்டிங், சவுண்ட் படிச்சவனுக்கு மறுநாளே ஏதோ ஒரு வேலை இருக்கும். டப்பிங் ஸ்டூடியோல ஆள் வேணும், யூடியூப் சேனல்ல எடிட்டர் வேணும், விளம்பரக் கம்பெனில கேமரா அசிஸ்டென்ட் வேணும், சம்பளம் கம்மியா இருந்தாலும் மாசம் பொறந்தா கைக்கு வரும். டைரக்டர் வேணும்னு எவனும் பேப்பர்ல விளம்பரம் குடுக்க மாட்டான். டைரக்‌ஷன் படிச்சவனும் ஒரு டைரக்டரோட ஆபீஸ் வாசல்லதான் போய் நிக்கணும், அங்க கோர்ஸ் கீர்ஸ் எதுவும் பண்ணாம உனக்கு முன்னாடியே வந்து ரெண்டு வருஷமா கிளாப் அடிச்சிட்டு இருக்கற ஒருத்தன் உனக்கு சீனியரா உக்காந்திருப்பான், அவனுக்கு உன்னை விட வயசும் கம்மியா இருக்கும், நீ அண்ணான்னுதான் கூப்பிடணும். சம்பளம் எவ்வளவுன்னு கேக்காத. ஷூட்டிங் நடந்தா பேட்டா, நடக்கலைன்னா டிஸ்கஷன்ல டீ. படம் ஆரம்பிக்கும் நிக்கும், ஹீரோ கால்ஷீட் மாறும், ப்ரொட்யூசரே மாறுவாரு, ரெண்டு படம் உருப்படியா முழுசா வேலை பாக்கறதுக்குள்ள நாலஞ்சு வருஷம் போயிரும். அப்புறம்தான் உன் கதையைத் தூக்கிட்டு ஏறி இறங்கற காலம்.

இப்ப அந்த 9 லட்சத்தை வேற மாதிரி பிரிச்சுப் பாரு. மாசம் 15,000 செலவுன்னு வச்சா 60 மாசம். அதாவது அஞ்சு வருஷம் எவன்கிட்டயும் கை நீட்டாம நீ சென்னைல தாக்குப் பிடிக்கற காசு அது. அதைத்தான் மொத ரெண்டு வருஷத்துலயே பீஸா கட்டிட்டு, நிஜமாவே காசு தேவைப்படற காலம் வரும்போது வெறுங்கையோட நிக்கப் போறே. எடிட்டிங் ரூம்ல இருந்தவன் நான், எத்தனையோ பசங்க வந்து போனதைப் பாத்திருக்கேன், திறமை இல்லைன்னு ஊருக்குத் திரும்பினவனை விட ரூம் வாடகை குடுக்க முடியாம திரும்பினவன்தான் ஜாஸ்தி. கோர்ஸோட விலையைப் பாக்கறவங்க இந்த வருஷங்களோட விலையைச் சேத்துப் பாக்கறதே இல்ல. அது சும்மா வர்ற மாதிரி நெனச்சுக்கறாங்க.

அப்ப கோர்ஸ் வேஸ்ட்டுன்னு சொல்ற உன் ஃப்ரெண்ட்ஸ் கட்சிதானா நானும்னா, அதுவும் கிடையாது. அவங்க உடனே ஒரு லிஸ்ட் சொல்லுவாங்க. மணிரத்னம் எம்.பி.ஏ., யாருகிட்டயும் அசிஸ்டென்ட்டாவே இருந்ததில்ல. கார்த்திக் சுப்புராஜ் இன்ஜினியரு, டிவி குறும்படப் போட்டில இருந்து வந்தவரு. லோகேஷ் கனகராஜ் பேங்க்ல வேலை பாத்தவரு. எல்லாம் உண்மைதான். எதிர்க்கட்சிக்காரன் ஒரு லிஸ்ட் வச்சிருப்பான், பாலு மகேந்திரா புனே பிலிம் இன்ஸ்டிடியூட்ல படிச்சவரு, கேமராமேன் பி.சி.ஸ்ரீராம் சென்னை அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட்ல படிச்சவரு, சவுண்டுக்கு ஆஸ்கர் வாங்கின ரசூல் பூக்குட்டி புனே, 2024ல கான்ஸ் பட விழாவுல கிராண்ட் ப்ரீ விருது வாங்கின டைரக்டர் பாயல் கபாடியாவும் புனே. இதுவும் உண்மை. ரெண்டு லிஸ்ட்லயும் ஜெயிச்சவங்க பேரு மட்டும்தான் இருக்கும். படிச்சிட்டு காணாமப் போனவனும் படிக்காம காணாமப் போனவனும் எந்த லிஸ்ட்லயும் வரமாட்டான். அதனால பேரை வச்சு முடிவெடுக்காத, உனக்கு அங்க என்ன கிடைக்கும்னு மட்டும் பாரு.

என்ன கிடைக்கும்னா, என் அபிப்ராயத்துல உருப்படியானது ஒண்ணே ஒண்ணுதான், கூடப் படிக்கறவங்க. உன் கேமராமேன், உன் எடிட்டர், உன் சவுண்ட் ஆளு, எல்லாரும் அந்த பேட்ச்லதான் இருப்பாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு நீ சொல்ற கேவலமான கதையைக் கேட்டு இது கேவலம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க, பின்னாடி எவனுக்குப் படம் கிடைச்சாலும் மத்தவனை இழுத்துப்பான். அடையாறு இன்ஸ்டிடியூட் பசங்க எல்லாம் ஒண்ணா சேந்து 1986ல ஊமை விழிகள் எடுத்து ஊரையே திரும்பிப் பாக்க வச்சாங்கல்ல, அது எந்த பாடப் புத்தகத்தாலயும் நடக்கல, ஒரு கூட்டம் ஒண்ணா வெளிய வந்ததால நடந்துச்சு. ஆனா இந்தக் கூட்டம் கிடைக்கணும்னா அந்த இடத்துல எல்லா பிரிவும் இருக்கணும், உள்ள வர்றவங்களை ஏதாவது ஒரு தேர்வு வச்சு எடுத்திருக்கணும். காசு கட்டினா சீட்டுன்னு இருக்கற இடத்துல, 30 பேரும் டைரக்டர் ஆக வந்தவனாவே இருந்தா, யாரு லைட்டைப் பிடிக்கறது?

அதனால நீ போய்ப் பாரு, விசாரி, ஆனா நோட்டீஸை நம்பாத. போர்டுல போட்டிருக்கற பெரிய டைரக்டர் வருஷத்துக்கு எத்தனை நாள் வர்றாருன்னு கேளு, தினமும் கிளாஸ் எடுக்கறவரு யாருன்னு கேளு. ஒரு மாணவன் கைல கேமரா மொத்தம் எத்தனை நாள் இருக்கும்னு கேளு. நடுவுல விட்டுட்டுப் போனா பணம் திரும்ப வருமா, டிப்ளமோ படம் யாருக்குச் சொந்தம், எழுத்துல குடுப்பாங்களா? எல்லாத்துக்கும் மேல, மூணு வருஷத்துக்கு முன்னாடி முடிச்ச பேட்ச்ல நாலு பேரோட நம்பர் வாங்கு, அவங்க குடுக்கற நாலு பேரு வேண்டாம், பக்கத்து டீக்கடைல விசாரிச்சு நீயா புடிச்ச நாலு பேரு. இப்ப என்ன பண்றீங்கன்னு மட்டும் கேளு, போதும்.

9 லட்சம் கட்டாம படிக்கவும் வழி இருக்கு. நீ டிகிரி முடிச்சவன், அதனால மேல சொன்ன புனே இன்ஸ்டிடியூட் (எஃப்டிஐஐ), கொல்கத்தா சத்யஜித் ரே இன்ஸ்டிடியூட் ரெண்டுக்கும் எழுதலாம், மூணு வருஷப் படிப்பு, மத்திய அரசு நடத்தறது, பிரிவுக்கு பத்துப் பதினஞ்சு சீட்டுக்குள்ளதான் இருக்கும்ங்கறதால போட்டி பயங்கரமா இருக்கும், ஆனா கிடைச்சா யோசிக்காம போ. வெற்றிமாறன் ஆரம்பிச்ச இன்டர்நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் பிலிம் அண்ட் கல்ச்சர் இருக்கு, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைங்களைத் தேர்வு வச்சு எடுத்து காசு வாங்காம சொல்லித் தர்றதுக்குன்னே தொடங்கினது. உன்னை மாதிரி தறி ஓட்டறவர் வீட்டுப் பையன் மொதல்ல தட்ட வேண்டிய கதவு அதுதான்.

இது எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு வேலை சொல்றேன், செலவு ரொம்ப இல்ல. செவ்வாய்ப்பேட்டைல உனக்குத் தெரிஞ்ச ஒரு கொலுசுப் பட்டறை இருக்கும், அங்க ஒருத்தர் ஒரு கொலுசு முடிக்கறதை மூணு நிமிஷப் படமா எடு. வசனம் கூடாது, பின்னணி இசை கூடாது, உன் குரல் கூடவே கூடாது. போன் போதும். வெட்டி ஒட்டி எடிட் பண்றதுக்கு டாவின்சி ரிசால்வ்ங்கற சாஃப்ட்வேர் இலவசமாவே கிடைக்குது, நிறைய பெரிய படங்களுக்கு கலர் பண்றதும் அதுலதான்.

மொத நாள் நீ எடுத்துட்டு வர்றது எப்படி இருக்கும்னு இங்க இருந்தே சொல்றேன். அவரு மூஞ்சி, அவரு மூஞ்சி, பட்டறை மொத்தமா, திரும்ப அவரு மூஞ்சி. வெட்ட உக்காந்தா ஒரு ஷாட்லருந்து இன்னொண்ணுக்குப் போக முடியாது, எங்க வெட்டினாலும் துள்ளும். அப்பத்தான் அவரு கையையும் எடுத்திருக்கணும்னு தோணும். மறுபடி போவே. அவரு கம்பியை எடுக்கக் கையைத் தூக்கறாரு பாரு, அந்தத் தூக்கலை தூரத்துல இருந்தும் ஒருவாட்டி, கிட்டத்துல இருந்தும் ஒருவாட்டி எடுத்திருந்தீன்னா, பாதித் தூக்கல்ல வெட்டி மீதியை க்ளோசப்ல ஒட்டலாம், வெட்டினதே தெரியாது. அடுத்து, பத்த வைக்கிற தீ வெளிச்சத்துக்கு போன் தானா அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டு மத்ததை எல்லாம் இருட்டாக்கிரும், எக்ஸ்போஷரை, அதாவது உள்ள வர்ற வெளிச்சத்தோட அளவை, லாக் பண்ணணும்னு அங்க தெரியும். முதலாளி உள்ள வந்து பேசும்போது நீ இடத்தை மாத்தி அந்தப் பக்கம் போய் எடுத்திருப்பே, வெட்டிப் பாத்தா ரெண்டு பேரும் ஒரே திசையைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க, யாரு யாருகிட்ட பேசறாங்கன்னே தெரியாது. 9 லட்சம் கட்டற இடத்துல இதுதான் மொத செமஸ்டர்.

கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிட்டு ஒரு நிமிஷம் பட்டறைச் சத்தத்தை மட்டும் ரெக்கார்ட் பண்ணிக்க. அதுக்கு ரூம் டோன்னு பேரு. வெட்டின இடத்துக்கெல்லாம் அடில அதை ஓட விட்டா சத்தத்துல இருக்கற ஓட்டை அடையும். கோர்ஸ் முடிச்சிட்டு வந்த பசங்களே இதை எடுக்காம வந்து எங்க உயிரை வாங்குவாங்க, ஃபேன் சத்தம் ஒரு ஷாட்ல இருக்கும் அடுத்த ஷாட்ல இருக்காது, அப்புறம் எடிட்டர் மேஜிக் பண்ணுவாருன்னு போய்டுவாங்க. மேஜிக்காம்!

இந்த மாதிரி நாலு படம் எடு. கொலுசு முடிஞ்சா ஆடில நம்ம குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கை இருக்கு, ராமனும் காளியுமா வேஷம் கட்டி வண்டில ஏறப் போறவங்களை சாயங்காலம் மேக்கப் போடற நேரத்துல போய் எடு, வண்டில ஏறினப்புறம் எல்லாரும்தான் எடுக்கறாங்க. நாலாவது படத்துலயும் உனக்கு வெறி குறையலைன்னா, அந்தப் படத்தை போன்ல வச்சுக்கிட்டு சென்னைக்குப் போ. ஆபீஸ் வாசல்ல நிக்கற நூறு பேருல கதை இருக்கு சார்ங்கறவன் 99 பேரு, இதைப் பாருங்க சார்னு மூணு நிமிஷத்தைக் காட்டறவன் ஒருத்தன். டைரக்டரைப் பாக்க விட மாட்டாங்க, கோ-டைரக்டரைப் பாரு, அசோசியேட்டைப் பாரு, ஆள் எடுக்கறது பெரும்பாலும் அவங்கதான்.

அம்மா ஒத்துக்கலைன்னு எழுதியிருந்தே. அம்மா சரியாத்தான் சொல்றாங்க.

கேள்வி: நான் ப்ளஸ் டூ படிக்கறேன். அப்பா அம்மா ரெண்டு பேரும் காபி எஸ்டேட்ல வேலை. எங்க ஊருக்கு ஷூட்டிங் வந்தப்ப கேமராவைப் பக்கத்துல பாத்தேன், அதுல இருந்து கேமராமேன் ஆகணும்னு ஆசை. பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்குன்னு சித்தப்பா திட்டறாரு. எவ்வளவு செலவாகும்? — ஏற்காடு வாசகி

பதில்: பாப்பா, உனக்கு நேர் வழி இருக்கு. தரமணில இருக்கற எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், ஊரு பூரா அடையாறு இன்ஸ்டிடியூட்னு சொல்லும். 1945ல ஆரம்பிச்சது. இப்ப அங்க நாலு வருஷ டிகிரி, பி.வி.ஏ. (பேச்சலர் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ்)னு பேரு, ப்ளஸ் டூ முடிச்சாலே சேரலாம். ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலிப்பதிவு, இயக்கம், அனிமேஷன்னு பிரிவு பிரிவா இருக்கு. கேமராவுக்கு ப்ளஸ் டூல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி கேப்பாங்க, அதனால நீ என்ன குரூப்புனு பாத்துக்க. அரசுக் கல்லூரிங்கறதால பீஸ் ஆயிரக்கணக்குல முடிஞ்சிரும், லட்சத்துக்குப் போகாது. மேல சொன்ன தம்பியோட ஒப்பிட்டா உன் பெரிய செலவு தங்கறதும் சாப்பாடும்தான், விடுதி இருக்கா, உதவித்தொகை என்னென்ன கிடைக்கும்னு அட்மிஷன் நேரத்துலயே கேட்டுரு. விண்ணப்பம் எப்ப வரும்னு ரிசல்ட் வந்ததுல இருந்து கண்ணு வச்சுக்க, தவறவிட்டா ஒரு வருஷம் போச்சு.

கேமராவுக்குப் படிப்பு அவசியமான்னு கேட்டீன்னா, டைரக்‌ஷனை விட ரொம்ப அவசியம். உங்க ஊரையே எடுத்துக்க. மத்தியானம் வெயில்ல ஒரு சீன் ஆரம்பிச்சிருப்பாங்க, 3 மணிக்கு மேல பக்கோடா பாயிண்ட் பக்கம் இருந்து மஞ்சு, அதான் பனிமூட்டம், ஏறி வந்துரும். வெளிச்சம் பாதியாக் குறையும், நிழலே இருக்காது, கலர் நீலத்துக்குப் போயிரும். வெளிச்சத்தோட கலரை கெல்வின்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, கேமராவை வெயிலுக்கு 5600 கெல்வின்ல வச்சிருந்தா மூஞ்சியெல்லாம் செத்துப்போன மாதிரி தெரியும். இப்ப பாதி சீன் வெயில்ல, பாதி மஞ்சுல. தெரிஞ்ச கேமராமேன் என்ன பண்ணியிருப்பாருன்னா, இந்த மலையோட குணம் தெரிஞ்சு மலையும் வானமும் தெரியற வைட் ஷாட் எல்லாத்தையும் காலைலயே முடிச்சிட்டு, க்ளோசப்பை மட்டும் சாயங்காலத்துக்கு வச்சிருப்பாரு. க்ளோசப்புன்னா பின்னாடி ஒரு மரம் இருந்தா போதும், ஒரு பக்கம் லைட்டை வச்சு வெயில் மாதிரி பண்ணிக்கலாம். மூஞ்சில விழற வெளிச்சத்தை அளக்கணும், எந்த லென்ஸுல பின்னாடி எவ்வளவு மங்கும்னு தெரியணும், இதெல்லாம் விலை உசந்த சாமானை கைல வச்சுக்கிட்டு தப்புப் பண்ணிப் பண்ணிக் கத்துக்கறது. வீட்டுல வாங்கி வைக்கற சாமான் இல்ல அது, அதுக்குத்தான் இன்ஸ்டிடியூட்.

சித்தப்பாகிட்ட பி.ஆர்.விஜயலட்சுமின்னு ஒருத்தங்க இருக்காங்கன்னு சொல்லு. 1985லயே தமிழ்ப் படத்துக்குத் தனியா கேமரா பண்ணவங்க, ஆசியாவுலயே மொத பெண் ஒளிப்பதிவாளர்னு அவங்களைச் சொல்லுவாங்க. புனேல படிச்ச பௌசியா பாத்திமா இருக்காங்க, 2002ல முழுக்கப் பொம்பளைங்களே சேந்து எடுத்த படத்துக்குக் கேமரா அவங்கதான். இருந்தாலும் ஒண்ணு ஒளிக்காம சொல்றேன், யூனிட்ல ராத்திரி பகலா இருக்கற வேலை இது, எல்லா யூனிட்டும் ஒரே மாதிரி இருக்காது, யாருகிட்ட அசிஸ்டென்ட்டா சேரறோம்னு விசாரிச்சு சேரணும். இப்ப இருந்தே போன்ல போட்டோ எடு, ஒரே மிளகுக் கொடியைக் காலைல, மத்தியானம், மஞ்சுல, மழைக்கப்புறம்னு எடுத்து வரிசையா வச்சுப் பாரு.

கேள்வி: ஐயா, என் மகன் இன்ஜினியரிங் மூணாம் வருஷம். திடீர்னு காலேஜை நிறுத்திட்டு பிலிம் இன்ஸ்டிடியூட் சேரப் போறேங்கறான். பேங்க் லோன் கிடைக்கும், உங்க காசு வேண்டாம்னு சொல்றான். லோன் கிடைக்குமா? அவனை எப்படித் தடுக்கறது? — சூரமங்கலம் வாசகர், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்

பதில்: ஐயா, தடுக்காதீங்க, ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க. அதுக்குக் காரணம் அவனுக்கே புரியற மாதிரி சொல்லலாம். புனேவுக்கும் கொல்கத்தாவுக்கும் அந்த மூணு வருஷப் படிப்புல சேர ஏதாவது ஒரு டிகிரி இருந்தாகணும், இன்ஜினியரிங்கும் டிகிரிதான். இப்ப நிறுத்தினா நாட்டுலயே நல்ல ரெண்டு இடத்தோட கதவை அவனே சாத்திக்கறான், அப்புறம் காசு புடுங்கற இடம்தான் மிச்சம். இதைச் சொல்லிப் பாருங்க, அடம் குறையும்.

லோன் விஷயம். அரசு அங்கீகாரம் இருக்கற படிப்பா இருந்தாத்தான் பேங்க்ல பேசவே முடியும், தனியார்ல அவங்களே அச்சடிச்சுத் தர்ற சர்ட்டிபிகேட்டுக்கு மேனேஜர் தலையாட்ட மாட்டாரு. பொதுவா 4 லட்சம் வரைக்கும் ஜாமீன் கேக்கறதில்ல, ஏழரை லட்சத்தைத் தாண்டினா சொத்துப் பத்திரம் கேப்பாங்க, அந்தப் பத்திரம் உங்களோடதுதான் ஐயா, உங்க காசு வேண்டாம்னு அவன் சொல்றதுல இது வரலை பாருங்க. படிக்கற காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம்னு சொல்லுவாங்க, ஆனா வட்டி அப்பவும் ஓடிட்டேதான் இருக்கும். 9 லட்சத்துக்கு 11 சதவீத வட்டில ஏழு வருஷம்னா, அந்த ஓடின வட்டியைச் சேக்காமலே மாசத் தவணை 15,400 வரும். உதவி இயக்குநருக்கு அந்தக் காசு மாசாமாசம் எங்கிருந்து வரும்? தவணைக்காகவே ஏதாவது ஒரு வேலைக்குப் போவான், சினிமா அதோட முடிஞ்சிரும். கடன் வாங்கி எடிட்டிங்கோ சவுண்டோ படிச்சா ஓரளவு கட்டி மீளலாம், கடன் வாங்கி டைரக்‌ஷன் படிக்கறதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஆன்லைன்ல மூணு மாச ஃபிலிம் மேக்கிங் கோர்ஸ், 60,000 ரூபா, முடிச்சா ஒரு பெரிய கம்பெனில சான்ஸ் வாங்கித் தருவாங்களாம். சேரலாமா? — ஓமலூர் வாசகர்

பதில்: சான்ஸ் வாங்கித் தர்றேன்னு காசு கேக்கறவங்களை எங்க காலத்துல வேற பேரு சொல்லிக் கூப்பிடுவோம். சேராத. அந்தக் காசுக்கு ஒரு நல்ல மைக்கும் ஒரு பழைய லேப்டாப்பும் வாங்கு.

கேள்வி: மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ இருந்த ஊர்ல இருந்துக்கிட்டு சினிமா படிக்க சென்னைக்குப் போறோமே, அசிங்கமா இல்லையா சார்? — கன்னங்குறிச்சி வாசகர்

பதில்: அசிங்கம்னு சொல்ல மாட்டேன், வயித்தெரிச்சல்னு சொல்லலாம். மலையாளத்தோட மொத பேசும் படம் 1938ல எடுத்தது நம்ம ஊரு கம்பெனி, தமிழ்ல மொத முழுநீளக் கலர் படம் 1956ல வந்ததும் அந்த காம்பவுண்டுக்குள்ள இருந்துதான். நூத்துக்கும் மேல படம் எடுத்த இடத்துல இன்னைக்கு ஏற்காடு ரோட்டுல அந்த ஸ்டூடியோ வாசல் ஆர்ச் மட்டும் நிக்குது, மலைக்குப் போறவங்க இறங்கி செல்ஃபி எடுத்துட்டுப் போறாங்க.

உங்க கேள்வியை ஒட்டி ஒண்ணு சொல்லணும். அதை நடத்தின டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்து போய் ஜவுளி படிச்சிட்டு வந்தவரு, சினிமா படிச்சவரு கிடையாது. அந்தக் காலத்து ஸ்டூடியோல எழுத்தாளருக்கும் சரி, தொழில் தெரிஞ்சவங்களுக்கும் சரி, மாசச் சம்பளம். கலைஞரும் கண்ணதாசனும் அங்க சம்பளத்துக்கு இருந்து எழுதினவங்கதான். புதுசா வர்றவன் ஒரு ஓரமா நின்னு வேலை கத்துக்கிட்டான், கத்துக்கிட்ட காலத்துக்கும் அவனுக்குக் காசு வந்துச்சு. அந்த ஏற்பாடு போனதுக்கப்புறம்தான் கத்துக்கறதுக்கு நாம காசு கட்டற காலம் வந்துச்சு. ஸ்டூடியோ திரும்ப வராது சார். ஆனா ஏற்காட்டுக்கோ மேட்டூருக்கோ யூனிட் வந்தா உள்ளூர் ஆளு தேவைப்படும், லொகேஷன் பாக்க, பர்மிஷன் வாங்க, துணை நடிகருக்கு ஆள் சேக்கன்னு, அந்த யூனிட் மேனேஜரோட பழகி வச்சுக்கற பசங்களுக்கு உள்ளூர்லயே ஒரு வாசல் இருக்கு. அதையும் சொல்லி வைக்கறேன்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கறேன், 34 வயசு, ரெண்டு குழந்தைங்க. குறும்படம் ரெண்டு எடுத்திருக்கேன். இனிமே போய் முறையா படிக்கறது சாத்தியமாங்ணா? — தாரமங்கலம் வாசகர்

பதில்: மூணு வருஷம் கடையைச் சாத்திட்டுப் போறது உங்களுக்கு ஒத்து வராதுங்க, வேண்டாம். எஃப்டிஐஐ 2017ல இருந்து ஸ்கிஃப்ட்னு ஒரு திட்டத்துல ஊர் ஊரா குறுகிய காலக் கோர்ஸ் நடத்தறாங்க, சில நாள்ல முடியறதும் இருக்கு, சில வாரம் போறதும் இருக்கு. உங்களுக்கு கேமரா ஏற்கனவே கைல படிஞ்சிருக்கும், அதனால திரைக்கதைக் கோர்ஸ் வந்தா அதைப் புடிங்க. முகூர்த்தமே இல்லாத ஆடி, மார்கழில வர்றதாப் பாத்து எழுதிப் போடுங்க, ஆர்டரும் கெடாது. அப்புறம், கல்யாணத்துல தாலி கட்டற அந்த நிமிஷத்துக்கு ரீ-டேக் இல்லாம இத்தனை வருஷம் எடுத்திருக்கீங்கல்ல, அதுல போகஸ் தவறவிடாத ஆளுக்கு டாக்குமென்டரி யூனிட்ல நல்ல கிராக்கி இருக்கு. உங்க குறும்படத்தோட லிங்க்கை அனுப்பியிருந்தீங்க, ரெண்டாவது படத்துல பாட்டியோட ஷாட்டை நாலு செகண்ட் முன்னாடியே வெட்டியிருக்கலாம்.